மாதம் 15 டாலர்: ஒரு முதலீட்டு வாதத்தைப் பிரித்துப் படித்தல்

மேலாண்மை முதுகலைப் படிப்பில் சேர விரும்புவோர் எழுதும் ஜிமேட் தேர்வின் மொழிப் பகுதியில் இப்போது 45 நிமிடத்தில் 23 கேள்விகள். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட முழுதாகக் கிடைக்காது. அவற்றில் ஒரு வகை, நூறு சொல்லுக்கு உட்பட்ட சிறு பத்தியைத் தந்துவிட்டு, அந்தப் பத்தி சொல்வது சரியா என்று கேட்பதில்லை. அது எப்படி வாதிடுகிறது என்று மட்டும் கேட்கிறது. சில சமயம் இரண்டு வாக்கியங்களைத் தடித்த எழுத்தில் அச்சிட்டு, இது என்ன வேலை செய்கிறது, அது என்ன வேலை செய்கிறது என்று வினவும். பத்திகளில் பெரும்பகுதி வணிகத்தைப் பற்றியவை. ஒரு நிறுவனம் புது ஆலை தொடங்கலாமா, ஒரு முதலீட்டாளர் இந்தப் பங்கை வாங்கலாமா என்ற பேச்சு அடிக்கடி வரும். அமெரிக்கச் சட்டப் படிப்புக்கான எல்சாட் தேர்விலும் இதே வகை உண்டு. 2024 ஆகஸ்டில் அங்கிருந்து புதிர்ப் பகுதி நீக்கப்பட்ட பிறகு, வாதங்களைப் பிரித்துப் பார்க்கும் திறனுக்கே அத்தேர்வில் எடை கூடியிருக்கிறது. நம் ஊரில் வங்கித் தேர்வின் 'ரீசனிங்' பகுதிக்குத் தயாராகிறவர்கள் 'கூற்று–அனுமானம்' என்ற பெயரில் மனப்பாடம் செய்வதும் இதன் சிறிய உடன்பிறப்பைத்தான்.

இந்தக் கேள்வி வகையைப் பயிற்சி மையங்கள் ஒரு வித்தையாகச் சொல்லித்தருகின்றன. விமர்சகர்களும் அதை வித்தை என்றே தள்ளிவிடுகிறார்கள். இரு தரப்பும் அதன் மதிப்பைக் குறைத்து எடைபோடுவதாகவே எனக்குத் தோன்றுகிறது. முதலீட்டுப் பேச்சை நாம் மதிப்பிடும் விதத்தில் ஒரு பழைய கோளாறு இருக்கிறது. விளைவை வைத்து வாதத்துக்கு மதிப்பெண் போடுகிறோம். விலை ஏறினால் சொன்னவர் ஞானி, இறங்கினால் மூடர். தேர்வுத்தாளின் பத்தியில் விலை ஏறியதா இறங்கியதா என்று தெரிவதற்கு வழியே இல்லை. அதனால் வாதத்தை மட்டும் பார்த்தாக வேண்டிய கட்டாயம் வருகிறது. அந்தக் கட்டாயத்தைத்தான் முதலீடு செய்கிறவர் தனக்குத்தானே விதித்துக்கொள்ள வேண்டும் என்பது என் வாதம். ஆனால் தேர்வு அதில் பாதியைத்தான் பழக்குகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதலீட்டு வாதத்தின் முக்கியமான கண்ணி பெரும்பாலும் 'ஏனென்றால்', 'ஆகவே' போன்ற சொற்களில் தங்குவதில்லை. கணக்கிலும், சொல்லாமல் விடப்பட்ட எடுத்துக்காட்டுகளிலும் ஒளிந்திருக்கிறது.

இதைச் சோதிக்கப் பாடப்புத்தகப் பத்தியைவிட உண்மையான வாதம் ஒன்றே நல்லது. 1929 ஆகஸ்டில் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' என்ற அமெரிக்க இதழில், ஜான் ஜே. ராஸ்காப் கொடுத்த பேட்டி வெளிவந்தது. எல்லோரும் செல்வந்தராக வேண்டும் என்பது அதன் தலைப்பின் பொருள். ராஸ்காப் தெருவோர ஜோசியர் அல்லர். டூபான்ட், ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய இரு பெரிய நிறுவனங்களின் நிதிப் பொறுப்பை வகித்தவர். பிறகு எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழும்பக் காரணமானவர்களில் ஒருவர். அவர் சொன்னதன் சாரம் இது: 23 வயதில் மணம் முடித்த ஒருவர் மாதம் 15 டாலர் சேமித்து, நல்ல நிறுவனங்களின் சாதாரணப் பங்குகளில் போட்டு, வரும் ஈவுத்தொகையையும் எடுக்காமல் அதிலேயே விட்டு வந்தால், 20 ஆண்டுகளில் குறைந்தது 80,000 டாலர் சேரும், அதிலிருந்து மாதம் ஏறத்தாழ 400 டாலர் வருமானம் வரும், அவர் செல்வந்தர். இதற்கு ஆதாரமாக, பத்து ஆண்டுக்கு முன் ஜெனரல் மோட்டார்ஸ் பங்கில் போட்ட 10,000 டாலர் இன்று 15 லட்சத்துக்கு மேல் ஆகியிருக்கிறது என்று காட்டினார். இனி நிலைமை மாறலாமே என்ற ஐயத்துக்கும் பதில் வைத்திருந்தார். மாறலாம்தான், ஆனால் அப்படிச் சொல்வதற்கு அனுபவத்தில் ஆதாரம் இல்லை என்றார். அடுத்த மாதம் 3ஆம் தேதி டவ் ஜோன்ஸ் குறியீடு 381 என்ற உச்சத்தைத் தொட்டது. 1932 ஜூலை 8 அன்று அது 41. பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது.

வரலாற்றுப் புத்தகங்கள் இந்தப் பேட்டியை நகைச்சுவையாகவே எடுத்தாள்கின்றன. சரிவு வந்தது, ஆகவே வாதம் தவறு என்பது அவற்றின் கணக்கு. இதைத் தேர்வுத்தாளில் ஒரு மாணவர் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. 1929 ஆகஸ்டில் அமர்ந்து படிக்கிறவருக்கும் தெரியக்கூடிய குறை ஏதாவது இந்த வாதத்தில் இருந்ததா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இருந்தது. அதைக் கண்டுபிடிக்கப் பொருளாதாரம் தெரிய வேண்டியதில்லை. ஒரு பென்சிலும் கூட்டுவட்டிக் கணக்கும் போதும். மாதம் 15 டாலர் வீதம் 20 ஆண்டுகளில் ஒருவர் கையிலிருந்து போடுவது மொத்தம் 3,600 டாலர். அது 80,000 ஆக வேண்டுமானால் ஒவ்வொரு மாதமும் பணம் ஏறத்தாழ 1.96 சதவீதம், அதாவது ஆண்டுக்குச் சுமார் 26 சதவீதம் பெருக வேண்டும். அதுவும் ஓர் ஆண்டு இரண்டு ஆண்டு அல்ல, 20 ஆண்டு சராசரியாக. இந்த எண்ணைப் பேட்டியில் நேரடியாகக் காண முடியாது. தேர்வு மொழியில் இதுதான் சொல்லப்படாத எடுகோள். சுவையான இன்னொரு விஷயமும் இருக்கிறது. 80,000 டாலரிலிருந்து மாதம் 400 என்றால் ஆண்டுக்கு 4,800; அது 6 சதவீதம். பணத்தைச் சேர்க்கும்போது 26 சதவீத உலகத்தில் வாழ்கிறவர், செலவழிக்கும் வயதில் 6 சதவீத உலகத்துக்குக் குடிபெயர்ந்துவிடுகிறார். செலவுக்குக் கை வைக்கும்போது நிதானம் வேண்டும் என்பது நியாயமே; ஆனால் அந்த நிதானம் முதல் பாதியில் ஏன் இல்லை என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது.

இப்போது எடுத்துக்காட்டுக்கு வருவோம். ஒரு முடிவுக்கு எடுத்துக்காட்டு என்ன வேலை செய்கிறது என்பதைத் தமிழில் முறையாகப் பேசிய பழைய இடம் மணிமேகலையின் 29ஆம் காதை. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவையைக் கற்பிக்கும் பகுதி அது. அங்கே பக்கம் என்பது நிறுவ வந்த கூற்று, ஏது என்பது காரணம், திட்டாந்தம் என்பது எடுத்துக்காட்டு. மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனெனில் புகை தெரிகிறது, அடுக்களையைப் போல என்பது அதன் எளிய வடிவம். திட்டாந்தம் இரு வகை: ஒத்த இடத்தைக் காட்டும் சாதன்மியம், மாறான இடத்தைக் காட்டும் வைதன்மியம். அடுக்களையைக் காட்டினால் மட்டும் போதாது. நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை என்றும் காட்ட வேண்டும். இந்த இரண்டாம் பாதி இல்லாவிட்டால் காரணம் இரு பக்கமும் ஓடிவிடும். அத்தகைய ஏதுப்போலிக்கு அநைகாந்திகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ராஸ்காபின் பேச்சை இந்தச் சட்டகத்தில் போட்டுப் பார்த்தால் பக்கம் இருக்கிறது, ஏதுவும் இருக்கிறது (நாடு வளர்கிறது, தொழில் வளர்கிறது), சாதன்மியமும் இருக்கிறது. வைதன்மியத்தைக் காணோம். செல்வம் சேராத இடங்களில் அந்தக் காரணமும் இல்லாமல் இருந்ததா? அதே நாட்டில், அதே கார்த் தொழிலில், முன்னோடிகளில் ஒன்றாகிய விண்டன் 1924இல் கார் செய்வதையே நிறுத்தியது. வளரும் நாடு, வளரும் தொழில் என்ற காரணம் அங்கேயும் இருந்தது. புகை இருந்தும் நெருப்பு இல்லை. அந்த ஒற்றை எடுத்துக்காட்டுக்கு உள்ளேயும் ஒரு பள்ளம் உண்டு. 1920இல் ஜெனரல் மோட்டார்ஸ் பங்கு விழுந்து, நிறுவனத்தைத் தொடங்கிய வில்லியம் டூரன்ட் கட்டுப்பாட்டை இழந்தார். டூபான்ட் தரப்பும் மார்கன் வங்கியும் அதைத் தாங்கிப் பிடித்தன. ராஸ்காபுக்கு அது செவிவழிச் செய்தி அல்ல, நிதிப் பொறுப்பில் அவரே இருந்த காலம். இவ்வளவுக்கும் மேலே, 'நல்ல பங்குகள்' என்ற சொல்லில் உள்ள 'நல்ல' என்பதுதான் வாதத்தின் மொத்தச் சுமையையும் சத்தமில்லாமல் சுமக்கிறது. எது நல்ல பங்கு என்பது பத்தாண்டு கழித்துத் தெரிவது. வாங்குகிற அன்று தெரிவதாக வைத்துப் பேசியாயிற்று.

இது ஒரு மனிதரின் பேட்டியோடு முடிகிற விஷயம் அல்ல. மியூச்சுவல் ஃபண்டுகளின் சராசரி லாபத்தைக் கணக்கிடும்போது இன்று உயிரோடிருக்கும் ஃபண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், நடுவில் மூடப்பட்டவையும் பிறவற்றோடு இணைக்கப்பட்டவையும் கணக்கிலிருந்து விழுந்துவிடும். அப்படி விழுகிறவை பெரும்பாலும் மோசமாக ஓடியவை. எல்டன், குரூபர், பிளேக் மூவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு, இந்த விடுபடலால் சராசரி லாபம் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.9 சதவீதம் கூடுதலாகத் தெரிகிறது என்று மதிப்பிட்டது. சின்ன எண்போல் இருக்கும். 20 ஆண்டுக் கூட்டுவட்டியில் அது சின்ன எண் அல்ல. பிழைத்தவர்களை மட்டும் எண்ணும் இந்தக் கோளாறை அறவண அடிகளின் மொழியில் சொன்னால், வைதன்மியத்தைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு அடுக்களையை மட்டும் காட்டுவது. தேர்வுத்தாளில் இதைக் குறிக்கும் விடைவாய்ப்பு வழக்கமாக வறண்ட நடையில் இருக்கும்: முழுத் தொகுதியைப் பற்றிய முடிவை, அத்தொகுதிக்குப் பொருந்தாத மாதிரியிலிருந்து எடுக்கிறது. வறட்சியான வாக்கியம்தான், ஆனால் பங்குச் சந்தைக்கான விளம்பரங்களில் பாதியை அது ஒன்றே அளந்துவிடும்.

ஒரே முடிவுக்கு இரண்டு பேர் வெவ்வேறு பாதையில் வந்திருந்தால் இந்தப் படிப்பின் பயன் இன்னும் தெளிவாகும். ராஸ்காபுக்கு ஐந்தாண்டு முன்னால், 1924இல், எட்கர் லாரன்ஸ் ஸ்மித் என்பவர் நீண்டகால முதலீட்டுக்குப் பங்குகளே ஏற்றவை என்று சொல்லும் சிறு நூலை எழுதினார். முடிவு ஒன்றுதான்: பங்கு வாங்குங்கள். ஆனால் வாதம் வேறு. விலைவாசி ஏறும் காலத்தில் பங்குகளும், இறங்கும் காலத்தில் கடன் பத்திரங்களும் மேல் என்று நிறுவவே அவர் புறப்பட்டார். பல காலப் பகுதிகளை எடுத்துச் சோதித்தபோது, இறங்கும் காலத்திலும் பங்குகளே பெரும்பாலும் முன்னே நின்றன. அவருடைய எதிர்பார்ப்பின் பாதி உடைந்தது. உடைந்ததை மறைக்காமல் காரணம் தேடி, நிறுவனங்கள் லாபம் முழுவதையும் பங்கிட்டுக் கொடுக்காமல் ஒரு பகுதியைத் தொழிலிலேயே மீண்டும் போடுவதால் அது கூட்டுவட்டியாக வளர்கிறது என்று கண்டார். 1925இல் இந்த நூலுக்கு மதிப்புரை எழுதிய கெயின்ஸ் இந்தக் காரணத்தைத்தான் தனியே எடுத்துப் பேசினார். தன் எதிர்பார்ப்புக்கு எதிரான சான்றை ஏற்றுக்கொண்டு, இயங்கும் முறையையும் சேர்த்துச் சொல்லும் வாதம் இது. ஒரு வெற்றிக் கதையைக் காட்டி விரல் நீட்டும் வாதத்தோடு இதை ஒரே தட்டில் வைக்க முடியாது.

ஆனால் ஸ்மித்தின் வாதத்திலும் ஒரு கால் வெளியே தெரியாமல் புதைந்திருந்தது. அதைத் தோண்டி எடுத்தவர்கள் பெஞ்சமின் கிரகாமும் டேவிட் டாடும். 1934இல் வந்த 'செக்யூரிட்டி அனாலிசிஸ்' நூலில் அது இருக்கிறது. ஸ்மித் ஆராய்ந்த காலத்தில் பங்குகள், அவற்றின் லாபத்தோடு ஒப்பிட்டால், மலிவாக விற்றன. மலிவாக வாங்கியதால்தான் மிச்சமான லாபம் வாங்கியவர் கையில் வளர்ந்தது. பங்குகளே மேல் என்று ஊர் முழுக்க நம்பி விலையை ஏற்றிவிட்ட பிறகு அந்த மலிவு காணாமல் போயிற்று. ஆனால் அதே புள்ளிவிவரத்தைக் காட்டி எந்த விலைக்கும் வாங்கலாம் என்று 1920களின் இறுதியில் பேசிக்கொண்டிருந்தார்கள். முதலீட்டு வாதங்களுக்கே உரிய ஒரு விசித்திரம் இதில் தெரிகிறது. மலையில் நெருப்பு உண்டு என்று எத்தனை பேர் நம்பினாலும் மலைக்கு ஒன்றும் ஆகாது. பங்கு மலிவு என்று எல்லோரும் நம்பினால் பங்கு மலிவாக இருக்காது. வாதம் வெற்றி பெறுவதே தன் ஆதாரத்தைத் தின்றுவிடுகிறது. எந்த நிபந்தனையின் மேல் ஒரு வாதம் நிற்கிறது என்று பெயர் சொல்லிக் குறித்து வைக்காதவர், அந்த நிபந்தனை நழுவும் நாளில் அதைக் கவனிக்க மாட்டார்.

இத்தகைய படிப்புக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் வலுவானது, வாதத்தின் வகைக்குப் பெயர் வைக்கத் தெரிவதும் ஏமாறாமல் இருப்பதும் வேறு வேறு என்பது. இதில் உண்மை இருக்கிறது, சான்றும் இருக்கிறது. கடந்தகால லாபம் வருங்காலத்துக்கு உத்தரவாதம் அல்ல என்ற எச்சரிக்கை அமெரிக்க ஃபண்டு விளம்பரங்களில் நெடுங்காலமாக இடம்பெறுகிறது. மெர்சர், பால்மிட்டர், தாஹா மூவரும் 2010இல் வெளியிட்ட சோதனை ஆய்வில், அந்த வழக்கமான வாசகத்தைப் படித்தவர்களிடம் அது எந்த மாற்றத்தையும் ஏற்படுத்தவில்லை. ஆனால் உயர்ந்த லாபம் பொதுவாக நீடிப்பதில்லை என்று அழுத்திச் சொன்ன மாற்று வாசகம், ஆர்வத்தையும் எதிர்பார்ப்பையும் குறைத்தது. எனக்கு இந்த ஆய்வு எதிர்வாதத்தைவிட என் வாதத்துக்கே நெருக்கமாகப் படுகிறது. 'உத்தரவாதம் அல்ல' என்பது முடிவின் மேல் ஒட்டப்பட்ட சீட்டு. எந்த வாதத்துக்கும் ஒட்டலாம், அதனால் எதையும் தொடாது. 'நீடிப்பதில்லை' என்பது குறிப்பிட்ட எடுகோளின் மேல் விரல் வைக்கிறது. நேற்றைய வேகம் நாளையும் தொடரும் என்ற கண்ணியைச் சுட்டிக்காட்டி, அது இற்றுப்போனது என்கிறது. பயிற்சி மையங்களின் பெயர்ப்பட்டியல் முதல் வகை. நல்ல கேள்வித்தாள் எதிர்பார்ப்பது இரண்டாம் வகை. இரண்டையும் ஒன்றாக்கிக் குறைசொல்வது சரியாகாது.

இன்னொரு மறுப்பு, பேசுகிறவர் யார் என்பதையும் அவருக்கு அதில் என்ன லாபம் என்பதையும் தேர்வு மறைத்துவிடுகிறது என்பது. பணப் பேச்சில் அது முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்பார்கள். ராஸ்காபுக்கும், சாதாரண மக்கள் தவணை முறையில் பங்கு வாங்க உதவும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கும் எண்ணம் இருந்தது. பேட்டியிலேயே அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஆனால் இந்தச் செய்தி நமக்குத் தருவது என்ன? கவனமாகப் படி என்ற எச்சரிக்கையைத் தருகிறது. 26 சதவீதத்தைக் கண்டுபிடித்துத் தருவதில்லை. ஆதாயமே இல்லாத ஒரு துறவி இதே வாதத்தைச் சொல்லியிருந்தாலும் அந்த எண் அங்கேதான் இருந்திருக்கும். ஆதாயம் உள்ளவர் சொன்ன காரணத்தால் சரியான வாதம் பிழையாவதும் இல்லை. ஆகவே வரிசையை மாற்றிக்கொண்டால் போதும்: முதலில் வாதத்தைப் பிரி, பிறகு பேசியவரைப் பார். முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதற்குத் தாவும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. புரோக்கர் சொன்னால் சந்தேகம், சொந்தக்காரர் சொன்னால் கையெழுத்து. ஏலச்சீட்டு முதல் நிதி நிறுவனம் வரை தமிழ்நாட்டில் பணத்தை இழந்தவர்களில் பலர் வாதத்தைக் கேட்டு ஏமாறவில்லை. வாதத்தைக் கேட்காமலே, கொண்டுவந்த ஆளை நம்பி ஏமாந்தவர்கள்.

எந்த முதலீட்டு வாதத்திலும் ஓட்டை இருக்கும், வருங்காலத்தைப் பற்றிய பேச்சு எல்லாமே உத்தேசம்தான், பிறகு ஓட்டை தேடி என்ன பயன் என்றும் கேட்கலாம். வாதத்தை அடையாளம் காண்பது என்பதை வாதத்தை நிராகரிப்பதாக எடுத்துக்கொள்வதால் வரும் கேள்வி இது. ஸ்டீபன் டூல்மின் 1958இல் வகுத்துக் காட்டிய அமைப்பில், ஆதாரத்துக்கும் முடிவுக்கும் நடுவே அவற்றை இணைக்கும் பாலம் ஒன்றுண்டு. அதோடு முடிவின் உறுதி எவ்வளவு என்று சொல்லும் அளவுச் சொல்லும், எப்போது பொருந்தாது என்ற விலக்கும் உண்டு. ராஸ்காப் 'குறைந்தது' என்றார். 'வரலாம்', 'சில காலங்களில் வந்திருக்கிறது' என்றெல்லாம் சொல்லியிருந்தால் வாதம் வேறு. அந்த ஒரு சொல், உத்தேசமாகச் சொல்ல வேண்டிய ஒன்றை அடித்தளமாக மாற்றிவிட்டது. நிலைமை மாறும் என்பதற்கு அனுபவ ஆதாரம் இல்லை என்று அவர் சொன்னதும் இதே ரகம்: நிரூபிக்க வேண்டிய பொறுப்பைத் தன் தோளிலிருந்து கேட்கிறவர் தோளுக்கு மாற்றிவிட்டார். ஓட்டை இருக்கிறது என்பது செய்தியே அல்ல. எவ்வளவு பெரியது, எந்த இடத்தில் என்பதே செய்தி.

சரி, விளைவு என்ன ஆயிற்று? ஜெரமி சீகல் தம் 'ஸ்டாக்ஸ் ஃபார் தி லாங் ரன்' நூலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார். பேட்டி வந்த காலம் தொட்டு, சரிவு முழுக்கவும் கலங்காமல் மாதம் 15 டாலர் போட்டு வந்தவருக்கு 20 ஆண்டு முடிவில் ஏறத்தாழ 9,000 டாலர் சேர்ந்திருக்கும். ஆண்டுக்கு 8 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, அதே காலத்தில் கடன் பத்திரங்கள் தந்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். 30 ஆண்டு போட்டிருந்தால் 60,000ஐத் தாண்டியிருக்கும். இதைப் படித்துவிட்டு ராஸ்காப் சொன்னது சரிதான் என்கிறவர்களும் உண்டு. 1932ஐக் காட்டி அவரைக் கேலி செய்தவர்களின் அதே தவறு, திசை மட்டும் எதிர். சரிவு அவருடைய வாதத்தைப் பிழையாக்கவில்லை என்றால் மீட்சியும் அதைச் சரியாக்காது. அவர் குறித்துக் கொடுத்த கெடு 20 ஆண்டு, குறித்துக் கொடுத்த தொகை 80,000. பத்து ஆண்டு கூடுதலாகக் கொடுத்த பிறகும் கணக்கு அந்த எண்ணுக்கு ஏறத்தாழ 20,000 டாலர் கீழேதான் நிற்கிறது.